பிரேக் ஆயில் என்பது எண்ணெய் அல்ல

என் மனைவியை ஒருமுறை கொல்லப் பார்த்தேன். கோபத்தில் அல்ல. ஒரு சொல்லை நம்பி.

சொல்லை நம்பிக் கெட்டவர்கள் அரசியலில் உண்டு, காதலில் உண்டு. மோட்டார் வாகனத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். காரில் பிரேக்குக்கு என்று இருக்கிற சின்ன டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றினேன். இருபத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் செய்த காரியம் இது.

அந்த அச்சகம் மூடப்பட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "அதற்குப் பிறகு பொழுதுக்கு என்ன செய்தீர்கள்?" என்று அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். டிரைவர் வேலை பார்த்தேன் ஐயா. அந்த வேலையும் எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரம்.

மிதித்தேன், இறங்கியது

கரியாலூரைத் தாண்டிக் கீழே இறங்குகிற மலைப்பாதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ஓரத்துப் புல்லிலிருந்து ஈர வாசனை. பக்கத்து இருக்கையில் என் மனைவி மல்லிகா. டிக்கியில் அவள் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள்.

வளைவுக்கு முன்னால் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் இறங்கியது. எந்தப் பெடலும் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஓர் இடத்தில் நின்று, இதற்குமேல் வராதே என்று காலுக்குப் பதில் சொல்லும். அன்று பதில் வரவில்லை. குழைந்த சோற்றுக்குள் காலை விட்டதுபோல மெத்தென்று போய்த் தரையில் தட்டியது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை.

வண்டியை அந்த வளைவிலேயே நிறுத்திவிட்டு உங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நிறுத்த முடியாததுதான் அன்றைய பிரச்சினை. எழுத்தில் முடியும்.

எனக்குக் கிடைத்த பதவி

அச்சகம் மூடியபின் பல மாதம் நான் வீட்டில் இருந்தேன். 'இருந்தேன்' என்பதைத் தவிர வேறு வினைச்சொல் அந்த மாதங்களுக்குப் பொருந்தாது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கிற வாசனை எப்போது எழும், எப்போது அடங்கும் என்று எனக்குத் தெரியும். அதை வைத்தே மணி சொல்லுவேன். கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

மல்லிகா வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியை. காலையில் பஸ் பிடித்து மலை ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள். ஒருநாள் நான் ஒரு பழைய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "இனிமே நானே கொண்டுபோய் வுடறேன்" என்றேன்.

அவள் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். "பஸ்ஸே நல்லாத்தானங்க போய்க்கினு இருக்குது" என்றாள். அப்புறம் என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாளோ, "சரி, திங்கக்கெழமலேர்ந்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பதவி. காலையில் ஏற்றுவேன். பள்ளிக்கூடம் விடும்வரை வெள்ளிமலையில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திப் புத்தகம் படிப்பேன். வெயில் காலத்திலும் அங்கே காற்று குளிர்ந்திருக்கும். பக்கத்தில் தார்ப்பாயில் சாமை காயும். காவலுக்கு இருந்த அம்மாள் ஒருநாள், "நீ டீச்சரம்மாவோட டிரைவரா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். கணவன் என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் என்றால் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பெடல் கெடத் தொடங்கியபோது நான் ஏன் யாரிடமும் வண்டியைக் காட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினால் வண்டி மெக்கானிக்கிடம் நிற்கும். வண்டி நின்றால் அவள் பஸ்ஸில் போவாள். நாலு நாள் பஸ்ஸில் போனால் அதுவே சௌகரியம் என்று தெரிந்துபோகும். பிறகு நான் பழையபடி 'இருக்க' வேண்டும்.

கைவைத்தியம்

முதலில் சின்ன மாற்றம்தான். வழக்கமாக அரை விரற்கடை மிதித்தால் பிடிக்கிற பிரேக், இரண்டு விரற்கடை கேட்டது. பானட்டைத் திறந்து பார்த்தேன். பால் வண்ண டப்பாவில், இதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்டிருந்த கோட்டுக்கும் கீழே ஏதோ கொஞ்சம் கிடந்தது.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அது வரைக்கும் சரி. ஏன் குறைந்தது, எங்கே ஒழுகுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்ட கேள்வி, வீட்டில் ஆயில் இருக்கிறதா என்பது. டிக்கியில் இருந்தது. என்ஜினுக்கு ஊற்றியது போக மிச்சம் அரை டப்பா. ஆயில்தானே? என்ஜினுக்கு ஊற்றினால் என்ஜின் ஆயில், பிரேக்குக்கு ஊற்றினால் பிரேக் ஆயில். இலக்கணம் சரியாக இருந்தது. ஊற்றினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், மூன்று நாள் பிரேக் நன்றாகப் பிடித்தது. முன்னைவிட நன்றாக. அந்த மூன்று நாளும் நான் விசிலடித்துக்கொண்டு ஓட்டினேன். மல்லிகா என்னை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

நாலாம் நாளிலிருந்து பெடல் மறுபடி இறங்கியது. ஒரு மிதிக்குப் பிடிக்காது, இரண்டுக்குப் பிடிக்கும். பிறகு மூன்று. நானும் வளைவுக்கு முன்னாலேயே டக் டக் டக்கென்று மூன்று மிதி மிதிக்கப் பழகினேன். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இப்போது அதைக் கேட்டால் என் வலது கால் தானாக மூன்று முறை தரையை மிதிக்கிறது.

இடையில் மலை இறங்கும்போது ஒரு தீய்ந்த வாடை வந்தது. "இன்னாங்க வாசன?" என்றாள்.

"யாரோ டயர் கொளுத்தறாங்க."

"தெனமுமா?"

"மலைல குளிருமில்ல."

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

எள் இல்லாத எண்ணெய்

நம் மொழி எண்ணெய் விஷயத்தில் எப்போதுமே தாராளம். எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். அதோடு நிறுத்தினோமா? தேங்காய் எண்ணெய் என்றோம். வேப்பெண்ணெய் என்றோம். மண்ணிலிருந்து வந்ததையும் விடாமல் மண்ணெண்ணெய் என்றோம். வழவழவென்று இருந்தால் போதும், எள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இதைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நாலு பேர் பாராட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதத் துணியாதது.

பல வருடத்துக்கு முன்பு, திருக்கோவிலூரில் டிரைவிங் பள்ளி நடத்திய ஒருவர் எங்கள் அச்சகத்தில் ஒரு கையேடு அச்சடித்தார். மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கு. அதில் அவர் 'பிரேக் திரவம்' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அடித்து, 'பிரேக் ஆயில்' என்று திருத்தினேன். ஓரத்தில், 'மக்கள் பேசுகிற சொல்லை எழுதவும்' என்று ஒரு குறிப்பும் போட்டேன். அவர் நேரில் வந்து, "அது ஆயில் இல்லீங்களே சார்" என்று தயங்கினார். "படிக்கிறவங்களுக்குப் புரியணுமில்ல?" என்றேன். அவருக்கு என் சிவப்பு மைமேல் மரியாதை. ஒப்புக்கொண்டார்.

என் வாழ்க்கையில் ஒரே ஒருவர் எனக்குச் சரியான சொல்லைக் கொடுத்தார். அதை நான் பிழை என்று அடித்தேன். அந்தக் கையேட்டைப் படித்தவர்கள் இன்று எங்கே, எந்த வளைவில் இருக்கிறார்களோ தெரியாது.

வளைவு

சரி, வண்டிக்கு வருவோம். அது நமக்காகக் காத்திருக்கவில்லை.

டக் டக் டக். தரை. டக் டக் டக். தரை. எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். வலது பக்கம் காற்றுதான். அதற்குக் கீழே மரங்களின் உச்சி. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து பிரேக் போய்விட்டது என்று சொல்லக்கூட இல்லை. அந்த நேரத்திலும் அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறேன் போல.

"கியர எறக்குங்க" என்றாள் மல்லிகா. வகுப்பில் நோட்டை மூடச் சொல்கிற அதே குரல். இறக்கினேன். என்ஜின் அலறியது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை அவளே இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். "இந்தப் பக்கம்! மண்ணுல ஏத்துங்க! இந்தப் பக்கம்ங்க!"

இந்தப் பக்கம் என்றால் இடது பக்கம். மலைச் சரிவு. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

திருப்பினேன். இடது சக்கரங்கள் ஓரத்து வாய்க்காலில் இறங்க, வண்டி மண்சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. அவளுடைய கதவு உள்ளே குழிந்திருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியே சிவப்பு மண்ணும் புல்வேரும் உள்ளே உதிர்ந்து அவள் மடியில் கிடந்தன. என் வலது கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

"போதும், எடுங்க" என்றாள்.

மோட்டார் சைக்கிள்காரர் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓரமாகக் குதித்திருந்தார். கிழங்குகள் சாலை முழுக்க. எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் அடியில்லை என்று பார்த்தபிறகுதான் திட்டினார். "இன்னா சார், ஓட்டிப் பழக மலதான் கெடச்சுதா உனுக்கு?"

மல்லிகா என் பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, குனிந்து அவருடைய கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். நானும் பொறுக்கினேன். எடுத்த கிழங்கு கையில் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. ஏறினோம். கள்ளக்குறிச்சி வரை அவள் மடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள். அப்படியொரு நீளமான பாதை அதற்குமுன் எனக்குத் தெரியாது.

தண்ணீரில் நாலு சொட்டு

மறுநாள் வண்டியை ஷெரீப் பாயின் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் அவருடைய தம்பியின் உதிரிபாகக் கடை, பின்னால் இவருடைய பட்டறை. தாடி நரைத்த நிதானமான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். "மிதிச்சி, அப்படியே புடிச்சிக்கினு இருங்க. பம்ப் பண்ணாதீங்க. கல்லு மாரி நிக்கணும். நிக்குதா?"

"இறங்குது பாய்."

"பம்ப் பண்ணா டைட் ஆச்சுன்னா உள்ள காத்து கீதுன்னு சொல்லலாம். புடிச்சிக்கினே இருக்கும்போது எறங்குதுன்னா, ஒண்ணு வெளிய ஒழுகணும், இல்ல பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் உள்ளயே வாஷர் வுட்டுட்டு இருக்கணும்." ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தது. விரலால் தொட்டார். முகர்ந்தார். நேராக வந்து டப்பாவின் மூடியைத் திறந்தார்.

மூடிக்குள் இருந்த ரப்பர், எண்ணெயில் போட்ட அப்பளம்போல உப்பி நெளிந்திருந்தது. திரும்ப வைத்தால் மூடிக்குள் அடங்கவில்லை.

"இன்னா சார் ஊத்துனீங்க?"

"ஆயில்."

"இன்னா ஆயில்?"

"பிரேக்குக்கு ஆயில்தான பாய் ஊத்தணும்?"

அவர் ஒரு டீ கிளாசில் தண்ணீர் பிடித்தார். தம்பி கடையிலிருந்து புது பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றை வாங்கி இரண்டு சொட்டு விட்டார். தண்ணீரோடு கலந்து காணாமல் போயிற்று. பிறகு என் காரின் பிரேக் டப்பாவிலிருந்து எடுத்து இரண்டு சொட்டு. அது மேலே மிதந்து, வானவில் மாதிரி பளபளத்தது.

"பிரேக் ஆயில் ஆயிலே கெடயாது சார். பேருதான் ஆயில். நெஜ ஆயில் பட்டா ரப்பர் எல்லாம் ஊதிடும், பிரேக் வுடாம ஒரசி தீஞ்ச வாட வரும். ஊதுன ஜோருல மொதல்ல ஒழுகல் நிக்கும், பிரேக் ஜம்முனு புடிக்கும். அப்பறம் மொத்தமா கைய வுட்டுடும். மூடி மேலயே இங்கிலீஷ்ல எழுதியிருக்குதே, பாக்கலியா?"

கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவன் நான். அந்த மூடியைப் படிக்கவில்லை.

"அப்ப ஏன் பாய் எல்லாரும் ஆயில்னு சொல்றீங்க?"

"நாங்க இன்னா சார் பண்றது? ஒங்கள மாரி படிச்சவங்கதான் கரெக்டா எழுதி வெக்கணும்."

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்க்க?

மிதி, புடி, வுடு

மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்து ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிது. இரும்புக் குழாய்களைக் கழுவி ஊதினார். கடைசியில் உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூடுவார். இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேறு ஆள் இல்லை.

"மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் காலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். நிப்பிளை மூடியபிறகு "வுடு" என்பார், அப்போதுதான் விட வேண்டும். மூன்றே சொல். மூன்றும் எனக்குத் தெரிந்த சொல். பெடல் காலடியில் நழுவி இறங்கியதும் வளைவு ஞாபகம் வந்து, அவர் சொல்லும் முன்பே விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன். உள்ளே காற்று போய்விட்டது. ஆரம்பத்திலிருந்து செய்தோம். மறுபடி விட்டேன்.

"சார்" என்றார் ஷெரீப் பாய், தரையிலிருந்து, மிகவும் இறங்கிய குரலில். "கொஞ்சம் வெளிய வந்துடுங்க."

விடைத்தாள் கட்டுகளை எடுத்துப்போக மல்லிகா அப்போது வந்து நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"மிதிங்க டீச்சர். புடிங்க. வுடுங்க. மிதிங்க. புடிங்க. வுடுங்க."

இடது பின் சக்கரம், வலது பின் சக்கரம், இடது முன், வலது முன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது, பிறகு சுத்தமாக வந்தது.

"டீச்சருக்கு கார் ஓட்டத் தெரியுமா?" என்றார் பாய்.

"தெரியாது பாய். ஆனா ரெண்டு வாரமா மிதிச்சிக்கினுதான் வரேன். அந்தப் பக்கம் பெடல் இல்ல, அவ்ளோதான்."

பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தம்பி கடைக்குள் போனார். போக வேண்டிய வேலை அங்கே எதுவும் இல்லை.

"தெரியுமா ஒனக்கு?" என்றேன்.

"மூணு மிதி மிதிச்சா தெரியாதா? எந்த வளைவுல மண்ணு சாஃப்டா இருக்குதுன்னு தெனம் பாத்து வெச்சிக்கினே வருவேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "சொன்னா நான் பஸ்ல போவணும். நான் பஸ்ல போனா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

காலை பஸ்

இப்போது அந்த பிரேக்கை மிதித்தால் கல். அப்படி ஒரு பிரேக் கள்ளக்குறிச்சியில் வேறு எந்தக் காருக்கும் இருக்காது. கதவையும் நிமிர்த்தியாயிற்று. திங்கட்கிழமை காலை வாசலில் துடைத்து நிறுத்தினேன். மல்லிகா வெளியே வந்தாள். "நான் பஸ்ல போய்க்கறேங்க" என்றாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தணிக்க ஏதாவது வழி தேடியிருப்பேன்.

மூன்று மாதமாகிறது. தினமும் நான் அவளோடு பஸ் நிலையம்வரை நடக்கிறேன். பையை நான்தான் தூக்குவேன். அது அவள் எனக்கு விட்டுவைத்த வேலை.

போன வாரம் பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக அவள் பஸ்ஸில் வருகிற, அன்று மட்டும் அடுத்த பஸ்ஸுக்கு மாறி டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளிமலைத் தட கண்டக்டர் பக்கத்தில் வந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்போல இருந்தது.

"கவலப்படாதீங்க சார். டீச்சருக்கு முன்னாடியே சீட்டு புடிச்சி வெச்சிடறோம். கச்சிராயபாளையம் தாண்ட வேண்டியதுதான், அசந்து தூங்கிடுவாங்க. மல வளைவுல கூட முழிக்க மாட்டாங்க, எறங்கற எடத்துல நாந்தான் தட்டி எழுப்பணும். ஏன் சார், வூட்ல தூங்க வுடறதில்லியா?"